ஏழு கல்லும் ஒரு பில்லையும்

ஜான் பாஷாவின் கால்களைப் பார்த்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மறந்துபோவார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையின் சுண்ணாம்புத் தொட்டியில் பதினோரு வருஷம் நின்ற கால்கள் அவை. ஆட்டுத்தோலிலிருந்து மயிரைக் கழற்றத்தான் அந்தச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். அதற்கு ஆட்டுத்தோல், ஆள்தோல் என்ற பேதம் கிடையாது. பாதம் பாளம் பாளமாக வெடித்து, இனி நிற்கவே முடியாது என்று அவர் அழுதபோது மேஸ்திரி மனமிரங்கி அவரை மலையேறும் வேலைக்கு மாற்றினார். நிற்க முடியாதவன் நடக்கட்டுமே என்று நினைத்திருப்பார். தொழிற்சாலை இரக்கம் அந்த அளவில்தான் இருக்கும்.

தோலுக்கு வேண்டிய கடுக்காயை மலைச்சனங்களிடம் வாங்கிக் கழுதைமேல் ஏற்றி வருவதுதான் புது வேலை. அந்த வழியில்தான் ஏழுசுனை அவருக்குக் கிடைத்தது. நாலு பக்கமும் மலை, நடுவே சாமை விளையும் பள்ளத்தாக்கு, முப்பது குடிசை. கிழக்கே பாறையில் சமண முனிவர்கள் படுத்திருந்த கல்படுக்கைகள். ஓடைக்கரையில் கூரை போன ஒரு சிவன் கோயில். மேட்டின் உச்சியில் ஒரு அவுலியாவின் தர்கா.

"மூணு சாமியும் சண்டை இல்லாம இருக்குதே, எப்டி?" என்று கேட்டால் ஜான் பாஷா சொல்வார்: "அங்க போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆவும். சேர்ந்தவனுக்குச் சண்டை போட மூச்சு ஏது?"

மலைக்காற்று அவர் கால்களை ஆற்றியது. அவர் மனமும் அங்கேயே தங்கிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஊர் மனிதர்களுக்கு மலை மோகம் பிடித்தது. ரத்தக் கொதிப்பு வந்த வக்கீல்கள், ராணிப்பேட்டை வியாபாரிகள், புண்ணியம் கம்மியாகிவிட்டதென்று பயந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏழுசுனைக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் தொலைந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதே ஜான் பாஷாவுக்குப் பெரும் பேஜாராகிவிட்டது. ஒரு நாள் தொட்டியில் கழித்துப்போட்ட சுண்ணாம்பை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போனார். வழி பிரியும் ஏழு இடங்களில் ஏழு கல்லை நட்டு, வெள்ளை பூசினார். வெள்ளைக் கல் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

நம் நாட்டில் ஒரு கல்லை நட்டு வெள்ளையடித்துவிட்டு அது வெறும் கல்லாகவே இருக்கும் என்று நம்பியதுதான் அவர் செய்த தப்பு. அடுத்த மாதம் போனபோது முதல் கல்லுக்குக் குங்குமம் வைத்திருந்தது. மூன்றாவது கல்லில் யாரோ பச்சைத் துணி சுற்றி ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஐந்தாவதன் முன்னால் கோழி இறகு கிடந்தது. தொட்டிச் சுண்ணாம்பில் ஆட்டு மயிர் கலந்திருக்குமல்லவா? காய்ந்த பிறகு அது கல்லின்மேல் கற்றை கற்றையாக ஒட்டி நின்றது. சுயம்பு மூர்த்திக்கு ஜடை வளர்கிறது என்ற செய்தி குடியாத்தம்வரை போய்விட்டது.

ஜான் பாஷா வீட்டில் வந்து சொன்னபோது அவர் மனைவி சுகரா பேகத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"அல்லா மன்னிக்கட்டும். உங்களுக்கு ஏன் இந்த வேலை? வழி காட்டுனீங்களா, சாமி காட்டுனீங்களா?"

"நான் இன்னா பண்றது? கும்புட வாணாம்னு கல்லுமேல எழுதியா வெக்க முடியும்?"

"எழுதினா அதுக்கும் பொட்டு வெப்பாங்க."

சிரிப்பு அந்த ஆடிவரைதான். காட்டிலாகா மலையை வேலி போட்டதுபோல் வளைத்தது. பித்தளைப் பில்லை அணிந்த சர்க்கார் ஆள் தவிர வேறு யாரும் ஆட்களை மேலே கூட்டிப்போகக் கூடாது என்றார் ரேஞ்சர். கடுக்காய் ஏலத்தை யாரோ சேலத்துக்காரர் எடுத்துவிட்டார். பில்லை கிடைக்காவிட்டால் ஜான் பாஷா மறுபடி சுண்ணாம்புத் தொட்டியில்தான் இறங்க வேண்டும். ரேஞ்சர் ஒரு வழி சொன்னார். புதிதாக வந்திருக்கும் துரைக்குப் பழைய கோயில்கள் என்றால் உயிர். அவரை ஏழுசுனைக்கு அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திரும்பினால் பில்லை உண்டு.

கிளம்புவதற்கு முந்தின நாள் சுகரா பேகம் அவர் பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவினாள். "பில்லை கட்டிக்கினா அழகாத்தான் இருப்பீங்க. கோயில் மாட்டுக்குக்கூட அது அழகாத்தான் இருக்குது" என்றாள். ஆனால் ஒரு வெடிப்பு விடாமல் தேடித் தேடித் தடவினாள். அந்தத் தொட்டியில் அவர் மறுபடி இறங்கினால் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

துரையோடு, வேலூர்க் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் பஞ்சாட்சரமும் வந்தார். பட்டை பட்டையாக விபூதி, கையில் சந்தனம் தடவிய கைக்குட்டை. தொழிற்சாலை இருக்கும் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுகிற ஆசாரம். ஜான் பாஷா சலாம் வைத்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"நீதான் வழிகாட்டியா? தோல் வாடை அடிக்குதே. அம்பது அடி பின்னால வா."

"பின்னால வந்து வழி எப்டிங்க சாமி காட்றது?"

"வழியெல்லாம் ஈஸ்வரன் கல்லு கல்லா நின்னு காட்டிக்கினு இருக்கான். நீ மூட்டையத் தூக்கிக்கினு வா."

வழிகாட்டி பின்னால் நடக்க, வழி தெரியாதவர்கள் முன்னால் நடந்தார்கள். இந்த ஏற்பாட்டைத் துரை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு இந்திய வழக்கம் போலிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஒவ்வொரு கல்லிலும் பஞ்சாட்சரம் நின்றார். கற்பூரம் ஏற்றினார். நெற்றி கல்லில் படும்படி விழுந்து எழுந்தார். நான்காவது கல்லில் ஒட்டியிருந்த மயிரை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஜடாமுடி!" என்றார் தழுதழுத்து. ஐம்பது அடிக்குப் பின்னால் ஜான் பாஷா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

ஏழாவது கல்லில்தான் விபரீதம் நடந்தது. அது இடது பக்கம் நிற்க வேண்டிய கல். இடது வழி ஏழுசுனைக்கு. வலது வழி பழைய கடுக்காய்க் கழுதைத் தடம், மலையைச் சுற்றிக் கீழே இறங்கிவிடும். சாமி வெயிலில் காய்கிறதே என்று யாரோ பக்தர்கள் மனம் கேட்காமல் கல்லைப் பெயர்த்து வலது பக்கப் புங்கமரத்து நிழலில் நட்டு, சுற்றி மேடையும் கட்டிவிட்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் விழுந்து கும்பிட்டுவிட்டு வலது பக்கம் திரும்பினார். துரையும் திரும்பினார்.

"சாமி! அந்த வழி இல்ல சாமி! இந்தாண்ட!" ஜான் பாஷா மூட்டையோடு ஓடினார்.

"தூரம்! தூரம்!" என்று கையை உயர்த்தினார் பஞ்சாட்சரம். "கல்லு இங்க நிக்குது. நீ சொல்றத நம்பறதா, சாமி சொல்றத நம்பறதா?"

கல்லை நட்டதே நான்தான் என்ற பதில் ஜான் பாஷாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். சாமியை அவமதித்தவனுக்கு யார் பில்லை தருவார்கள்? வாயை மூடிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு அடியிலும் தொட்டி கிட்டே வந்தது. அது வெறும் நினைப்பு இல்லை. தடமே அங்கேதான் போய் முடிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மூவரும் தொழிற்சாலையின் கொல்லைப்புறத்தில் வந்து நின்றார்கள். வரிசையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள். வெள்ளைத் தண்ணீரில் ஆட்டு மயிர் கற்றை கற்றையாக மிதந்தது. தொட்டிக்குள் நின்ற ஷபீ அஹமது நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷமாகக் கூவினான்.

"இன்னா பாய், மறுபடி சுண்ணாம்பு வேணுமா? மழைல கல்லெல்லாம் வெளுப்பு போய்டுச்சா?"

பஞ்சாட்சரம் தொட்டியைப் பார்த்தார். மிதந்த மயிரைப் பார்த்தார். அவர் கை மெல்ல நெற்றிக்குப் போய், விபூதிக்குமேல் ஒட்டியிருந்த வெள்ளையைத் தொட்டது. கைக்குட்டை எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்த ஆள் என்ன சொல்கிறான்?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

பஞ்சாட்சரம் ஜான் பாஷாவைப் பார்த்தார். ஜான் பாஷா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழு தரம் ஆட்டு மயிரில் நெற்றி பதித்த கதை மறுநாள் காலை வேலூர்க் கச்சேரி முழுக்கப் பரவிவிடும்.

"இந்த மலையில் இவனுக்குத் தெரியாத கல்லே கிடையாதாம், துரை" என்று மொழிபெயர்த்தார் பஞ்சாட்சரம். பிறகு குரலை இறக்கித் தமிழில், "பாஷா, பில்லை வந்துடும். நீங்க ஒண்ணும் கவலைப்பட வாணாம்" என்றார். நீ, நீங்க ஆனது அப்போதுதான்.

எட்டாம் நாள் பில்லை வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ஏழு கற்களும் மிகப் புராதனமானவை என்று துரை எழுதிவிட்டதால், அவற்றுக்குச் சுண்ணாம்பு பூசவோ இடம் மாற்றவோ கூடாது. நிஜமாகவே பழையதான கோயிலையும் கல்படுக்கையையும் தர்காவையும் துரை கடைசிவரை பார்க்கவில்லை. அதனால் அவற்றைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. ஏழாவது கல் புங்கமரத்தடியிலேயே நின்றது. போகிறவர்கள் எல்லோரும் அங்கே தவறாமல் தொலைந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதுதான் சர்க்கார் சம்பளத்தில் ஜான் பாஷா பார்த்த உத்தியோகம். சாமிக்கு ஜடை கொட்டிவிட்டது என்று யாராவது வருத்தப்பட்டால், அமாவாசைக்கு முன்னால் அது எப்படியோ மறுபடி வளர்ந்துவிடும். பதினான்கு வருஷம் பில்லையைத் துடைத்துத் துடைத்து அதிலிருந்த எழுத்தே அழிந்துபோனது.

போன மாசி மாதம், ஜான் பாஷா படுத்திருந்தபடியே போய்விட்டார். மலைப்பாதை தொடங்கும் இடத்துக் கபரஸ்தானில், வேலி ஓரமாகக் குழி கிடைத்தது. நாற்பதாம் நாள் சுகரா பேகம் தானே போய்த் தலைமாட்டுக் கல்லுக்கு வெள்ளை பூசினாள். ஷபீ அஹமது கொடுத்தனுப்பிய சுண்ணாம்பு. அதில் மயிர் இருந்ததா என்று அவள் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூ எடுத்துக்கொண்டு போனவள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கல்லில் குங்குமம் இருந்தது. அணைந்த கற்பூரம் இருந்தது. வேலூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் குடும்பத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினார்.

"எவ்ளோ தூரம்ங்க?" என்று கேட்டாள் சுகரா பேகம். "அம்பது அடி போதுமா?"

அவர்களுக்குப் புரியவில்லை. அவள் சிரித்தாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கும்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.