சைரன் அடித்தால் எங்கே போவாய்?

ஹனீபா காக்கா மௌத்தான செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். "மாமி, வாப்பா போயிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வருவீங்கதானே?" என்று கேட்டவள், நான் வாயைத் திறப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். அடுப்பில் இருந்த கறியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினேன். காக்கா என்று கூப்பிட்டாலும் அவர் என் கூடப்பிறந்த அண்ணன் இல்லை, என் சமயத்தவரும் இல்லை. ஆனால் யுத்த காலத்தில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் இருந்து வேலை செய்தவர்கள் நாங்கள். வளைகுடா நாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து ஆட்களைத் தெரிவு செய்து அனுப்புகிற முகவர் நிலையம் அவருடையது. நான் அங்கே தட்டச்சு செய்தேன், பாஸ்போட் அலுவல் பார்த்தேன், படியேறி வந்தவர்களோடு சண்டையும் பிடித்தேன்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் இருந்த பக்கம் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒருத்தி இன்னொருத்தியின் காதுக்குள் சொன்னாள்: "நல்ல மனிசன்தான். ஆனா இவர் சொன்ன பொய்யாலதான் சித்தாண்டியில ஒரு பொடியன் செத்தவனாம்." எனக்கு உச்சி கொதித்தது. செத்த வீட்டில் வாய் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இனிக் கடிக்க முடியாது. காக்காவைத் தெரிந்தவர்களே, அது என்ன பொய் என்று நான் சொல்கிறேன், கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் ஆள் சேர்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. இயக்கத்தில் துவக்குத் தூக்கக் கூட்டிப்போனவர்கள் இருந்தார்கள். துவக்குத் தூக்கியவன் எங்கே என்று கேட்டுப் பிடித்துப்போனவர்களும் இருந்தார்கள். வளர்ந்த மகனை வீட்டில் வைத்திருந்த தாய்மார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள்தான் எங்கள் படியில் வந்து குந்தியிருப்பார்கள். காக்கா ஆசை வார்த்தை சொல்ல மாட்டார். "அங்க தங்கம் கொட்டிக் கிடக்கெண்டு நினைக்காதீங்க, வெயில்தான் கொட்டிக் கிடக்கு" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா உசிர் கிடக்கும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர்கள் எழும்பிப் போகாமல் இருந்தார்கள்.

ஏறாவூர் முஸ்லிம் ஆட்களும் எங்கள் தமிழ் ஆட்களும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களும் உண்டு. அப்படியொரு முறை வீதி அடைபட்டுக் கிடந்தபோது, இன்றைக்குக் காக்கா வரமாட்டார் என்று கதவைப் பூட்டப் போனேன். மனிசன் சேறு பூசிய காலோடு படியேறி வருகிறார். வாவியில் தோணி பிடித்து வந்திருக்கிறார், பாஸ்போட்டுகளைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு. "உங்களுக்கென்ன விசரா காக்கா? வழியில ஆராவது சுட்டிருந்தா?" என்று கத்தினேன். "இதில பாதிப் பாஸ்போட் உங்கட பொடியன்மாருட, மத்தப் பாதி எங்கட பொடியன்மாருட. ஆர் சுட்டாலும் அவனுக்கும் நட்டம்தான் தங்கச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்குப் பெருமை ஒன்றே ஒன்றுதான். கம்பெனி அதிகாரிகள் கொழும்பில் நேர்முகத் தேர்வு வைக்கும்போது எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்ப்பவர் அவர். வந்தவன் உளறினால் உளறலையே ஆங்கிலத்தில் சொல்வார், மெருகு போட மாட்டார். "மத்தவன்ட பேச்சுக்குள்ள நாம உப்புப் போடப்படாது" என்பார். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் அவரை நம்பினார்கள்.

சித்தாண்டிப் பூரணம் அக்காவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் ஊர் முழுவதையும் பாடசாலை மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் போனார்கள். வரிசையில் நிற்க வைத்து, ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடி இருத்தியிருந்த தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்க விட்டார்கள். மூத்தவனைப் பார்த்து அந்தத் தலை ஆடியது. அவன் திரும்பி வரவேயில்லை. மிச்சம் இருந்தவன் யோகன், வாழைச்சேனையில் இரும்பு ஒட்டு வேலை செய்தவன். "இவனையாவது எங்கயாவது கொண்டுபோய் விடுங்க காக்கா. எனக்குக் காசும் வேணாம், ஒண்டும் வேணாம். உசிரோட இரிக்கான் எண்டு தெரிஞ்சாக் காணும்" என்று அந்த மனிசி எங்கள் அலுவலகத் தரையில் உட்கார்ந்து அழுதது.

ஓர் எண்ணெய்க் கம்பெனிக்கு வெல்டர்கள் தேவைப்பட்டார்கள். யோகனோடு சிலரைக் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். ஒட்டிக் காட்டச் சொன்ன இரும்பை எல்லோரும் அழகாக ஒட்டினார்கள். பிறகு அந்த அதிகாரி ஒரு கேள்வி கேட்டான்: "வேலைத்தளத்தில் சைரன் அடித்தால் என்ன செய்வாய்?" முதலாமவன், "குப்புறப் படுப்பன்" என்றான். அடுத்தவன், "கட்டிலுக்குக் கீழ போவன்" என்றான். ஒருவன், "பதுங்குகுழி எங்க இரிக்கெண்டு முதலே பாத்து வெப்பன்" என்றான். காக்கா உப்புப் போடாமல் அத்தனையையும் மொழிபெயர்த்தார். ஒருவரும் தேறவில்லை. அந்தக் கம்பெனியின் விதிப்படி, சைரன் அடித்தால் எல்லோரும் வெளியேறித் திறந்த மைதானத்தில் ஒன்றுகூட வேண்டும்.

காக்கா காலில் விழாத குறையாகக் கெஞ்சி இன்னொரு தவணை வாங்கினார். திரும்பி வந்து எல்லோரையும் அறையில் இருத்திப் பாடம் எடுத்தார். "சைரன் அடிச்சா ஓடாம, அமைதியா நடந்து கிறவுண்டுக்குப் போகணும். எங்க, சொல்லுங்க பாப்பம்." ஒருவன் கேட்டான்: "கிறவுண்டுக்கா? நாங்களாவா? ஏன் காக்கா, போறவங்க ஆரும் வந்தவங்களா?" அவருக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும்தான். "அது வேற நாடு மனே. அங்க தலையாட்டி இல்ல. மனசில ஒட்டாட்டியும் வாயால சொல்லுங்க" என்றார். மற்றவர்கள் சொல்லப் பழகினார்கள். யோகன் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தடவை மற்றவர்கள் தேறிவிட்டார்கள். யோகன் கடைசி. கேள்வி வந்தது. அவன் தமிழில் சொன்னான்: "கிறவுண்டுக்கு மட்டும் போகமாட்டன் சேர். அண்ணன் போனவன், இன்னும் வரல்ல." அதிகாரி காக்காவைப் பார்த்தான். நான் மேசையின் அந்த முனையில் பாஸ்போட்டுகளோடு இருந்தேன். காக்கா லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஆங்கிலத்தில், தெளிவாகச் சொன்னார்: "அமைதியாக நடந்து மைதானத்துக்குப் போவேன் என்கிறான்." அவ்வளவுதான். அதுதான் அந்தப் பொய். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "உப்பப் போட்டுட்டன் தங்கச்சி" என்றார். "போடாமல் விட்டிருந்தால் உங்கட முகத்தில முழிச்சிருக்க மாட்டன்" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

யோகன் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்கள் தங்கியிருந்த விடுதியில் மின்சாரக் கோளாறால் தீப்பிடித்தது. சைரன் அடித்தது, எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவனுடைய அறையில் இருந்த ஏறாவூர்ப் பொடியன் பிறகு தொலைபேசியில் சொன்னான்: "கட்டிலுக்குக் கீழ பூந்துட்டான் காக்கா. காலப் பிடிச்சி இழுத்தன். கட்டில் காலக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு வரமாட்டன் எண்டான். பொகை வந்திட்டு, நான் விட்டுட்டன்." காக்கா தொலைபேசியை வைக்கவில்லை. மறுமுனையில் தொடர்பு அறுந்த பிறகும் காதில் வைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டி சித்தாண்டிக்கு வந்தது. வழியில் இருந்த சோதனைச் சாவடிகளில் அதையும் திறந்து பார்த்தார்கள். போக வேண்டாம், ஊர்க்காரர்கள் அடிப்பார்கள் என்று காக்காவிடம் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. எரித்து முடிந்த மறுநாள் நானும் கூடப் போனேன். பூரணம் அக்காவின் முன்னால் நிலத்தில் இருந்து, யோகன் சொன்னதையும் தான் மாற்றிச் சொன்னதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். ஊருக்குத் தெரியவந்தது அவர் வாயாலேயேதான். சுற்றி நின்ற ஆண்கள் உறுமினார்கள். அந்த மனிசி கையைக் காட்டி அவர்களை அடக்கியது. "மூத்தவன எரிச்சாங்களா, புதைச்சாங்களா, ஒண்டும் தெரியா. இவன்ட முகத்தப் பாத்தன், தலையத் தடவினன், வேற ஆருமில்லாம நானே கொள்ளி வெச்சன். நீங்க அனுப்பாட்டி எனக்கு இதுவும் இல்ல காக்கா" என்றது. ஐயோ, அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வெளியே போய்விட்டேன். "செருப்பால அடிச்சிருந்தாத் தாங்கியிருப்பன்" என்று காக்கா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் அறைக்குள் பாடம் எடுக்கவில்லை. தெரிவுக்கு வந்தவர்களை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பாடசாலை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். இராணுவ முகாமுக்குப் போய் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருப்பார். அப்படியிருந்தும் அவர்கள் மதிலோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். கூப்பிட்டால் வர மாட்டார்கள், சில நாட்களில் ஒருவன்கூட வர மாட்டான். காக்காவும் போக மாட்டார், வெயில் சரியும் வரைக்கும் நிற்பார்.

எனக்கு அவரிடமிருந்து மிச்சம் அந்தக் குரல்தான். உச்சி வெயிலில், வெறும் மைதானத்தின் நடுவில், கிழவனாகிக்கொண்டிருந்த ஒரு மனிசன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கூப்பிடுகிறார்: "வாங்க மனே. பிடிக்கிறெண்டா முதல்ல என்னத்தான் பிடிக்கணும். நான் நிக்கிறன், வாங்க."