மீனுக்கு ஊற்றிய மூன்று தண்ணீர்

நாற்பதுகளில் அரியலூர் ரயிலடிக்கு எதிரே காப்பி கிளப் நாலைந்து இருந்தன. காப்பி கிடைத்த கிளப் ஒன்றுதான். அது ராசாங்கத்தினுடையது. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். சொன்னால் என்ன? உள்ளதுதானே!

கீழப்பழுவூரிலிருந்து மாற்று வேட்டிகூட இல்லாமல் வந்தவர். தண்ணீர்க் குடம் சுமந்தார், அடுத்தவன் அடுப்புக்குக் கரி தள்ளினார், அப்புறம் தனக்கென்று ஓர் அடுப்பை மூட்டினார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றதைக் கேட்டால், "வாத்தியாருக்குத் தெரிஞ்சது அதோட தீந்துபோச்சு, என்னை அனுப்பிட்டாரு" என்பார். கிளப் வாசலில் 'சுத்த சைவம்' என்று பச்சை எழுத்தில் பலகை தொங்கியது. மெட்ராஸ் பாசஞ்சர் வந்து நின்றால் புகையும் காப்பி வாசனையும் ஒன்றாகக் கலந்து தெருவை நிறைக்கும். அந்த வாசனைக்கே பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.

வெள்ளைக்கார ரயில்வே என்ஜினீயர் ஒருவர் சுதந்திரம் வந்த வருஷம் சீமைக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாற்காலியையும் அலமாரியையும் எடுக்க, ராசாங்கம் கைதூக்கியது இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டிக்கு. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இளவட்டத்தில் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தவர் அவர். பங்களா வராந்தாவில் குடத்தை இறக்கிவிட்டு, பாசிக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்த தங்க மீன்களை ஒரு நிமிஷம் பார்த்தால் போதும், "நின்னது போதும், போ போ" என்று பட்லர் விரட்டுவான். எத்தனை குடம் சுமந்தோம் என்பது அவருக்குத் தெரியும். அதை எப்படி ஊற்றினார்கள் என்பது தெரியாது. அந்த வேலை நடக்கும்போது அவர் கேட்டுக்கு வெளியே இருப்பார்.

தொட்டி கிளப்பின் நடுமேடைக்கு வந்தது. கொள்ளிடத்து மணலைக் கொண்டுவந்து அலசிப் பரப்பினார். ஏரியில் தானே இறங்கி வேலம்பாசி பறித்துவந்து நட்டார். ஸ்டேஷனில் பார்சல் பார்க்கும் பிலவேந்திரன், ஏலாக்குறிச்சிக்காரர், வாயாடி, மெட்ராசிலிருந்து ஐந்து தங்க மீன்களைப் பால் கேனில் போட்டு ரயிலில் வரவழைத்துக் கொடுத்தார்.

"அண்ணே, சைவ கிளப்புல மீன் வச்ச மொத ஆளு நீங்கதான்."

"பாக்குறதுக்குய்யா. கண்ணுக்கு ஏது சைவமும் அசைவமும்?"

ஜெயங்கொண்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். மீனைப் பார்த்துக்கொண்டே ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஆளுக்கொரு இட்லித் துணுக்கைத் தொட்டிக்குள் போட்டார்கள். ஒருவர் ஜிலேபிகூடப் போட்டார்.

ராசாங்கம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் பாய்லரைப் பளபளவென்று தேய்க்கும் கையோடு தொட்டியையும் எடுத்துக்கொண்டார். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, பாசியைப் பிடுங்கிக் கீரை அலசுவதுபோல் அலசி, கண்ணாடியைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரைச் சில்லென்று நிரப்புவார். பாய்லரில் சுண்ணாம்பு படியவைக்கும் அதே அரியலூர்த் தண்ணீர். "பார்யா, கண்ணாடி இருக்குறதே தெரியல" என்று மார்தட்டினார்.

ஒரு சனிக்கிழமை ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. யாரும் வருவதற்குள் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டார். தேய்த்தது போதவில்லை என்று நினைத்து அடுத்த வெள்ளி இன்னும் அழுத்தித் தேய்த்தார். இன்னொன்று போயிற்று. இதைப் பிலவேந்திரன் பார்த்துவிட்டார்.

"அண்ணே, வெளையாட்டு இல்ல. நாத்தம் கெளம்புச்சுன்னா 'கருவாட்டு கிளப்'புன்னு பேரு வச்சிடுவானுங்க. நம்மூர்ல பேரு வச்சா பேரப்புள்ள வரைக்கும் ஒட்டிக்கும்."

ராசாங்கம் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டு வந்தார். குடம் சுமந்தவன் என்ற பேரை அழிக்க இருபது வருஷம் ஆகியிருந்தது. கருவாட்டு ராசாங்கம் என்று ஒருமுறை யாராவது கூப்பிட்டுவிட்டால் அதை அழிக்க இன்னொரு ஆயுசு வேண்டும்.

அந்த வாரமே மிச்சமிருந்த மூன்று மீன்களின் உடம்பிலும் வெள்ளை வெள்ளையாக, ரவை தூவினாற்போலப் புள்ளிகள் கண்டன. மணலில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு சுருண்டு கிடந்தன. சாம்பார் இறக்க வந்த அவர் மனைவி பச்சையம்மாள் குனிந்து பார்த்தாள். சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏங்க, இது முத்துங்க. ஆத்தா வந்திருக்கா."

"மீனுக்காடி?"

"கோழிக்கு வரல? உசுரு உள்ளது எதுக்கும் வரும். இனிமே இங்க தாளிக்கக் கூடாது."

"தாளிக்காம சாம்பாரா? கடைய மூடிட்டுக் கீழப்பழுவூருக்கு நடைய கட்ட வேண்டியதுதான்!"

"அப்ப ஆத்தாவ வூட்டுக்கு அழைச்சிட்டு வாங்க."

வேறு வழியில்லை. தண்ணீரைப் பாதிக்கு மொண்டுவிட்டு, நாலு ஆட்கள் தூக்க, தொட்டி கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போயிற்று. அங்கே அடுப்புப் புகை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. நிலையில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மை வீட்டுக்கு வெளியாள் வரக் கூடாதல்லவா, அதனால் இட்லித் துணுக்கும் நின்றது.

வெள்ளிக்கிழமை ராசாங்கம் பழக்கம் விடாமல் சாம்பலும் நாருமாக வந்தார். பச்சையம்மாள் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்தாள்.

"அம்மை பாத்த ஒடம்புக்கு யாராச்சும் தலைக்கு ஊத்துவாங்களா? முத்து எறங்குனாத்தான் மொதத் தண்ணி. கிட்ட வந்தீங்க, நடக்குறதே வேற!"

மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவது வழக்கம். மீனைக் கோயிலுக்குத் தூக்கிப் போக முடியாதென்று, வேண்டிக்கொண்டு ஒரு கைப்பிடி கல்லுப்பைத் தொட்டியிலேயே போட்டாள். அடுத்த கையில் மிளகு இருந்தது. ராசாங்கம் பாய்ந்து பிடித்தார்.

"உப்பும் மிளகும் போட்டா அப்பறம் அது கொழம்புடி!"

வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. கல்லாவில் உட்கார்ந்தாலும் காது வீட்டுப் பக்கமே இருந்தது. பிலவேந்திரன் காப்பிக்கு வந்தார்.

"என்னண்ணே, மீனுக்கெல்லாம் அம்மை குத்தலயா?"

ராசாங்கம் எண்ணின சில்லறையையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை. பிலவேந்திரன் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து மாதா கோயிலுக்குப் போயிருந்தேண்ணே. உங்க மீனுக்குன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் வந்தேன். போயிடாது, விடுங்க."

அதற்குள் ஒரு மீன் போய்விட்டிருந்தது. பச்சையம்மாள் அதற்கு மஞ்சள் பூசி மண்ணில் வைத்தாள். மற்ற இரண்டின் மேலிருந்த புள்ளிகள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. ஒரு நாள் காலையில் பெரிய மீன் பாசிக்குள்ளிருந்து விசுக்கென்று வெளியே வந்து கண்ணாடியில் மூக்கை உரசியது. பாசியும் பிடுங்குவாரில்லாமல் வேர்விட்டு, புதுத் துளிர் காட்டியிருந்தது.

"எறங்கிடுச்சுங்க" என்றாள். "மொதத் தண்ணி ஊத்திடலாம்."

அண்டாவில் தண்ணீர் பிடித்து, ரெண்டு வேப்பிலை போட்டு, பொழுது உச்சிக்கு வரும்வரை முற்றத்து வெயிலில் வைத்தாள். தொட்டித் தண்ணீரும் அண்டாத் தண்ணீரும் கைக்கு ஒரே பதமாக இருந்தபோது இலையை எடுத்துப் போட்டுவிட்டு, செம்பை அவரிடம் நீட்டினாள். காய்ச்சல் விட்ட பிள்ளையின் தலையில் ஊற்றுவதுபோல், கண்ணாடி ஓரமாக, சொட்டச் சொட்ட ஊற்றினார் ராசாங்கம். ஊரெல்லாம் குடம் குடமாகக் கவிழ்த்த கை அது. இப்போது ஒரு செம்பைக் காலி செய்ய அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது. நாலு செம்போடு நிறுத்திக்கொண்டார்கள். இடைவெளி விட்டு ரெண்டாந்தண்ணி. அதற்கப்புறம் மூணாந்தண்ணி. மேளம் மட்டும்தான் இல்லை. மற்றபடி ஒரு கல்யாண ஊர்வலம்போலத் தொட்டி கடைக்குத் திரும்பியது, வெயிலில் காய்ந்த தண்ணீரால் அங்கே மெல்ல நிறைந்தது.

அதற்கப்புறம் தொட்டிக்குள் சாம்பல் போகவேயில்லை. வெள்ளிக்கிழமை நாலு செம்பு பழைய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும், நாலு செம்பு வெயில் காய்ந்த தண்ணீர் தொட்டிக்கு வரும், அவ்வளவுதான். யாராவது இட்லியைப் பிய்த்தால், "அம்மை கண்டு எழுந்த ஒடம்புய்யா, கண்டதையும் போடாதே" என்று கல்லாவிலிருந்து குரல் வரும். தண்ணீர் மாற்றும் இந்த வித்தையை மெட்ராஸ்காரனுக்கே தான்தான் சொல்லிக்கொடுத்ததாக வந்தவர்களிடமெல்லாம் அளந்தார்.

"ஆமாமா, முத்துப் போட்டதும் இவருக்குத்தான், எறங்குனதும் இவருக்குத்தான்" என்பாள் பச்சையம்மாள், உள்ளே கடுகு தாளித்துக்கொண்டே.

ஊர் பேர் வைக்கத்தான் செய்தது. பச்சை எழுத்துப் பலகையை யாரும் படிக்கவில்லை. ஜட்கா வண்டிக்காரர்கள்கூட 'மீன் கிளப்' என்றுதான் இறக்கிவிட்டார்கள். சைவத்துக்குக் கூட்டம் அங்கேதான் அலைமோதியது.

வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் ஊற்றி முடித்ததும் செம்பைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பார் ராசாங்கம். பாசிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவரும் இரண்டு மீன்களையும் பார்த்துக்கொண்டு நிற்பார். பாசஞ்சர் ஊதும், காப்பி கேட்டு நாலு பக்கமும் குரல் எழும்பும்.

"அண்ணே, நின்னது போதும், வாங்க!" என்று பிலவேந்திரன் ஒருநாள் கூப்பிட்டார்.

ராசாங்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இது என் தொட்டிய்யா. போதுமா இல்லையான்னு நான் சொல்றேன்."