செமிலிங் குளியலறையில் விழுந்த சம்மட்டி அடி

ஜித்ரா ஊரில் ஒரு வீட்டில் டைல் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “முனியாண்டி அண்ணன் போய்ட்டாருலா. ஹார்ட் அட்டாக்,” என்றான் டைல் கடைச் சேகர். அதிர்ச்சியில், “எந்த முனியாண்டி?” என்று உளறிவிட்டேன். “அதான், செமிலிங்ல ஒத்தக் கால் மனுசன் வீட்ட ஒடச்சாரே, அந்த முரடன்.” பதினோரு வருடம் அவரோடு சேர்ந்து டைல் பதித்தவன் நான்.

முரடர்தான், மறுக்கவில்லை. தரையின் சாய்வு தவறினால் மட்டக்கோலாலேயே என் முதுகில் போடுவார். “தண்ணிய ஏமாத்த முடியாதுடா!” என்று கத்தாமல் எந்த வேலையையும் முடித்ததில்லை.

சேகர் சொன்ன அந்த மனிதர், செமிலிங் ஊர்ப் பீட்டர் ஐயா. இனிப்புநீர் நோயில் அவருக்கு ஒரு கால் போய்விட்டது. சக்கர நாற்காலி நேராக உள்ளே உருண்டு போக, படியே இல்லாத குளியலறை கேட்டார். “மருமக வந்து குளிப்பாட்டி விடுறா தம்பி. செத்துப்போலாம் போல இருக்கு,” என்றார். படி இல்லாவிட்டால் தண்ணீரைத் தடுக்கச் சாய்வும், டைலுக்கு அடியில் பூசும் நீர்காப்புப் பூச்சும்தான். பூசி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். சொட்டுகூடக் கசியவில்லை.

மறுநாள் அண்ணன் வருவதற்குள், டைல் வரிசை நேராக வர நூல் பிடிக்கத் தரையில் ஆணி அடித்தேன். எத்தனையோ வீட்டில் செய்த பழக்கம். பூச்சு ஓட்டையானது தெரிந்தும் சிமெண்டை அப்பி, டைலைப் பதித்துவிட்டேன். சாயங்காலம் அண்ணன் மூலையில் கிடந்த ஆணியை எடுத்துப் பார்த்தார். நுனியில் பூச்சின் நீலத் துணுக்கு ஒட்டியிருந்தது.

சம்மட்டியை எடுத்து, பதித்த தரையை உடைக்க ஆரம்பித்தார். சில்லு பறந்து என் நெற்றியைக் கிழித்தது. தடுக்கப் போனேன், கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. நானும் குத்தினேன், அவர் உதடு பிளந்தது. இருவரும் ரத்தத்தோடு தரையில் உருண்டோம். “செவுரு ஊறுனா மறுபடியும் எல்லாத்தையும் பேத்தெடுக்கணும்டா நாயே! அந்த மனுசன் திரும்ப மருமக கையில போய் நிக்கணுமா?”

சத்தம் கேட்டுப் பீட்டர் ஐயா நாற்காலியில் வந்தார். உடைந்த தரையைப் பார்த்து அழுதுவிட்டார். “யாருப்பா இப்படிப் பண்ணது?”

“நான்தான்யா. என் தப்பு,” என்றார் அண்ணன், வாயைத் துடைத்துக்கொண்டே. நான் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பிறகு கேட்டேன். “ஒன்ன அடிக்கிறது என் வேலைலா. ஊரு எதுக்கு அடிக்கணும்?” என்றார். எல்லாவற்றையும் பெயர்த்து, புதிதாகப் பூசி, தண்ணீர் கட்டி, அவரே டைல் பதித்தார். பீட்டர் ஐயா இன்றும் தனியாகத்தான் குளிக்கிறார்.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ‘என் தப்பு’ என்ற அந்தச் சொல்லைத்தான். அந்தத் தப்பு அவருடையதே அல்ல. ஆணி அடித்தவன் நான்.