பால்கனி வீட்டுக் காஜாக்கா

அந்தத் தெருவில் வீட்டுச் சொந்தக்காரர் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். காஜாக்கா வீடு என்றால் சட்டென்று கையைக் காட்டுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் கடைத்தெருவில் இருந்த தையற்கடைக்குப் பொத்தான் துளைகளுக்கு நூல் சுற்றிக் காஜா எடுத்துக் கொடுத்தவள் அவள். பிறகு அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது என்று எல்லாமே அவள் கைக்கு வந்துவிட்டன. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதல் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருப்பக்கம் ஒரு பால்கனி. பால்கனியை ஒட்டிய அறையில் மெஷினும் வெட்டுமேஜையும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ஓட்டுவதற்குக்கூட அங்கே பகலில் விளக்குப் போட வேண்டியதில்லை. பால்கனிக்கு நேர் கீழே நாற்சந்தி. வினை வந்தது அங்கிருந்துதான்.

பல மொழி பேசுகிறவர்களும் பல சாமி கும்பிடுகிறவர்களும் அடுத்தடுத்து வாழ்கிற ஊர் அது. மழை விட்டும் விடாமலும் இருக்கிற அந்த ஒரே மாதத்தில் மூன்று கூட்டத்தாருக்குப் பண்டிகை வரும். மூன்று ஊர்வலங்களும் அந்த நாற்சந்தியில்தான் திரும்பியாக வேண்டும். ஒரு கூட்டத்தாருக்கு முழு வெள்ளை, இன்னொரு கூட்டத்தாருக்குச் சரிகைக்கரை, மூன்றாவது கூட்டத்தாருக்கு முழங்கால் தாண்டிய அங்கி. மூன்றும் காஜாக்காவிடம்தான் தைக்க வரும்.

"எப்படிக்கா எல்லாருக்கும் தைக்கிற?" என்று யாராவது கேட்டால், "சாமிதான் வேற வேற. இடுப்பு எல்லாருக்கும் ஒரே இடத்துலதான இருக்கு" என்பாள்.

சில வருஷங்களாக ஊருக்குச் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று விழா என்று ரயில் நிலைய வாசலில் பெரிய பலகை நின்றது. விடுதிகள் நிரம்பி வழிந்தன. அப்போதுதான் வீட்டுக்காரருக்கு அந்த யோசனை உதித்தது. அடுத்த தெருவில் குடியிருந்த அவர், தலைக்குச் சாயமும் பேச்சுக்குச் சர்க்கரையும் பூசிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு மாசம்தானம்மா. சொந்தக்காரங்க வீட்ல போய் இருந்துட்டு வாங்க. அந்த மாச வாடகை எனக்கு வேண்டாம். இந்தத் தெருவுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

போன வருஷம் காஜாக்கா ஒத்துக்கொண்டாள். கணவன் பேருந்து ஓட்டுநர். பண்டிகை மாதத்தில் சிறப்புப் பேருந்து, கூடுதல் நடை என்று வீட்டுக்கே வரமாட்டான். மாமியாரையும் மெஷினையும் கட்டிக்கொண்டு அவள் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அங்கே மெஷினுக்குக் கிடைத்த இடம் கழிவறைக்குப் போகிற நடை. யாராவது போகும்போதெல்லாம் எழுந்து நாற்காலியைத் தள்ள வேண்டும். மாமியார் சமையலறையில் படுத்தார். பெற்ற மகள் வீட்டிலேயே, "அம்மா, காலை மடக்கிக்கோ, கேஸ் அடுப்பு பத்த வைக்கணும்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு எழுந்தார். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் இடம் தெரியாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது வெட்டுமேஜையில் வட்ட வட்டமாகச் சூடு பட்ட தடம். அளவு நாடாவைக் கொண்டு ஜன்னல் கதவைக் கட்டியிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த மாமனார் படம் குளியலறை அலமாரியில், முகம் சுவரைப் பார்க்க, சோப்புப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. மாமியார் அதை முந்தானையால் துடைத்து ஆணியில் மாட்டினார். காஜாக்காவுக்கு அன்றைக்கே கோபம் வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மாதம் பிறக்கும் முன்பே சரிகைக்காரர்களின் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. அளவு கொடுக்க வந்த வங்கிக்காரப் பெண் ஒருத்தி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே கேட்டாள்: "அக்கா, நீங்க வீட்டைக் காலி பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். போன்ல பாத்தேனே."

"என்னத்தப் பாத்தே?"

அவள் காட்டினாள். காஜாக்காவின் மெஷின். அதன் மேல் ஒரு பூச்சாடி. பக்கத்தில் மாமியாரின் கயிற்றுக்கட்டில், அதில் விரித்திருந்த பூப்போட்ட விரிப்பு யாருடையது என்று தெரியவில்லை. போன வருஷம் மூட்டை கட்டிய அன்று, அவள் வண்டி பிடிக்கப் போயிருந்தபோது எடுத்திருக்க வேண்டும். கீழே எழுதியிருந்ததை அந்தப் பெண் படித்துக் காட்டினாள்: "தையல்காரக் குடும்பம் வாழ்ந்த அசல் வீட்டில் தங்குங்கள். பால்கனியில் அமர்ந்தபடியே மூன்று விழாக்களையும் காணுங்கள்."

"வாழ்ந்தவா?" என்றாள் காஜாக்கா. "இன்னொரு தடவ படி."

"வாழ்ந்த..."

"அப்ப நாங்க என்ன, செத்தா போயிட்டோம்?"

கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கினார். "நான் இன்னும் சாகலன்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார்.

அன்று மாலை வீட்டுக்காரர் வந்தார். வழக்கம்போல ஒரு மாசம்தான் என்று தொடங்கினார். காஜாக்கா மெஷினை நிறுத்தவில்லை. தையல் ஓடி முடிந்து நூலை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"போக மாட்டோம்ண்ணே."

"என்னம்மா இப்படிச் சொல்ற? உன் வீட்டுக்காரர்கிட்ட நேத்தே பேசிட்டேன். சரின்னு தலையாட்டினாரே."

அவளுக்கு இது செய்தி. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. "அவர் தலைய அவர் ஆட்டிக்கட்டும். மெஷின் என்னுது. போட்டோ எடுத்துப் போட்டீங்களே, யாரைக் கேட்டீங்க?"

வீட்டுக்காரர் அசடு வழியச் சிரித்தார். ஊருக்கு நல்ல பெயர், வருகிறவர்களுக்கு மகிழ்ச்சி என்று பூசி மெழுகப் பார்த்தார். "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா" என்றபடி இறங்கிப் போனார்.

கணவன் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டாள்.

"தலைய ஆட்டினீங்களாமே?"

"அவரு கேட்டாரு. ஒரு மாசம்தான..."

"அந்த ஒரு மாசம் உங்களுக்கு பஸ்ஸுல போகுது. எனக்குக் கக்கூஸ் வாசல்ல போகுது. உங்கம்மா அடுப்படியில படுத்தது தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது. தாயைப் பார்த்தான். தாய் வெங்காயத் தோலை முறத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, "சரி, இருப்போம். வர்றது வரட்டும்" என்று மட்டும் சொன்னான்.

வந்தது மழையோடு வந்தது. முதல் ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அறை நிறைய ஆட்கள், அங்கி வாங்க வந்தவர்கள், வெள்ளைச் சட்டைக்குக் கை சரிபார்க்க வந்தவர்கள். கதவு தட்டப்பட்டது. தொப்பலாக நனைந்த ஒரு கணவனும் மனைவியும், ஆளுக்கொரு பெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"இது நாங்க எடுத்திருக்கிற வீடு. சாவி வாசல்லயே இருக்கும்னு சொன்னாங்க" என்றான் அவன்.

"சாவி என் இடுப்புல இருக்கு" என்றாள் காஜாக்கா.

"நாங்க முழுப் பணமும் கட்டிட்டோம்மா."

"எங்கிட்டயா கட்டினீங்க?"

அவன் போனை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. ஒதுங்கி நின்று உள்ளே கையைக் காட்டினாள். "இதான் மெஷின். இதான் கட்டில். அதுல உக்காந்திருக்காங்களே, அவங்கதான் வாழ்ந்த குடும்பம்."

வந்தவனின் மனைவி எட்டிப் பார்த்தாள். மெஷின் மேல் பூச்சாடி இல்லை. பாதி தைத்த அங்கி கிடந்தது. கட்டிலிலிருந்து மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஆளில்லாத வீடுன்னுதான் சொன்னாங்க. சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள்.

காஜாக்காவுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஓடியது. ஒரு துண்டை எடுத்து எறிந்தாள். "தொடச்சிக்க. துணி மேல சொட்டாத" என்றாள். மாமியார் டீ போட எழுந்தார். காஜாக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, எல்லார் காதிலும் விழும்படி வைத்தாள்.

"அண்ணே, உங்க விருந்தாளிங்க வந்திருக்காங்க. வந்து கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்காரர் குடையோடு ஓடி வந்தார். படியேறும்போதே சத்தம் போட்டார். "என் வீட்ல இருந்துக்கிட்டு என்னையே அவமானப்படுத்துறியா?"

"வாடகை ஒரு மாசம் பாக்கி வச்சிருக்கேனா? சொல்லுங்க. இவ்வளவு பேர் முன்னாடி சொல்லுங்க."

அவர் குடையை மடக்கத் தொடங்கினார். அங்கி வாங்க வந்த பெரியவர் மட்டும் மெல்லக் கேட்டார்: "எங்க ஊர்வலத்தை வித்திருக்கீங்களே, தைக்கிறவளை வெளிய அனுப்பிட்டா நாங்க எதைப் போட்டுக்கிட்டு நடக்குறது?"

வந்தவன் கறாராக நின்றான். "இப்ப எங்களுக்கு ஒரு எடம் வேணும். இல்ல, பணம் வேணும்." ஊரில் ஒரு அறைகூட காலி இல்லை. கடைசியில் வீட்டுக்காரர் இருவரையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். அவர் மனைவி படுக்கையறையை விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்தாளாம். அடுத்த தெரு வரை அவள் குரல் கேட்டதாகக் கீழ்வீட்டு முடிதிருத்துகிறவர் வந்து சொன்னார். அவரும் போன வருஷமும் இந்த வருஷமும் மூட்டை கட்டியவர்தான். "எனக்கு இந்த வாய் இல்லாமப் போச்சேம்மா" என்றார். "வாய் இருக்குண்ணே, கடன் சொல்ற வாடிக்கைக்காரன்கிட்ட மட்டும் தெறக்குறீங்க" என்றாள் காஜாக்கா.

மூன்று ஊர்வலமும் போயின. இரண்டாவது, மழையில் நனைந்து பாதியில் நின்றது. மூன்றையும் மாமியார் பால்கனியில் நாற்காலி போட்டுப் பார்த்தார். காஜாக்காவுக்கு ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

மாதம் முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார் வீட்டுக்காரர். சண்டை போட்டுப் பார்க்கலாம் என்றான் கணவன். இந்த முறை அவனுக்கே கோபம் வந்திருந்தது. ஆனால் குடிவந்த நாளிலிருந்து எல்லாம் வாய்ப்பேச்சுதான். காட்டுவதற்கு ஒரு துண்டுத்தாள் கிடையாது. தெருவில் மற்றவர்கள் அனுதாபப்பட்டார்கள், அதோடு சரி. முடிதிருத்துகிறவர் மட்டும் மெஷினைக் கீழே இறக்கத் தோள் கொடுத்தார்.

தரகர் கேட்டார்: "எப்படிப்பட்ட வீடா பாக்கணும்மா?"

"பால்கனி இல்லாததா பாருங்க. வாசல்ல நின்னா எதுத்த செவுத்தத் தவிர எதுவும் தெரியக் கூடாது."

அப்படியே கிடைத்தது, ஒரு சந்தின் கடைசியில், கீழ்வீடு. பட்டப்பகலிலும் விளக்கெரிய வேண்டும். வாடிக்கைக்காரர்கள் தேடி வந்துவிட்டார்கள், மூன்று கூட்டத்தாரும். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் எழுந்து விளக்கின் சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறும். பார்க்க லட்சணமாக ஒன்றும் இல்லாத இடத்தில்தான் நிம்மதியாகக் குடியிருக்க முடியும் என்றால் இது என்ன ஊர், இது என்ன நியாயம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பாள். அளவு நாடா சுற்றிய இடுப்போடு நிற்கிறவர்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே, "கையத் தூக்குங்க" என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.