கர்ப்பிணியிடமிருந்து பதினெட்டு கிலோமீட்டர்

காலை ஏழு மணி. தாராவியிலிருந்து செம்பூருக்கு டாக்ஸி; எட்டு கிலோமீட்டர், நூற்றெழுபது ரூபாய். இரவிலிருந்து பட்டினி. நுரையீரலில் தொடங்கி ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிய புற்றுநோய் எனக்கு. முழுதாக விரட்ட முடியாது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மரபணுச் சோதனை செய்து, அதற்குப் பொருந்துகிற மாத்திரையைத் தினம் ஒன்றாக மூன்று மாதமாய் விழுங்குகிறேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். செய்யவில்லை என்றால்? அந்தக் கேள்வியைச் சயான் பாலத்திலேயே இறக்கிவிட்டேன். செம்பூரில் எனக்கு முன்னால் வந்து நின்றது.

எட்டு மணி. நர்ஸ் ஈயப் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தார். கதிர் வீசும் சர்க்கரை நீர். நோய் இருக்கும் இடம் அதை ஆவலாகத் தின்று, படத்தில் எரியுமாம். வீட்டுக்காரன் பட்டினி, வாடகை தராதவனுக்கு டிபன். ஊசி போட்டதும் நர்ஸ் சுவருக்குப் பின்னால் போன வேகத்தைப் பார்த்து எனக்கும் ஓடத் தோன்றியது. என்னை விட்டு எங்கே ஓடுவது?

அரையிருட்டு அறை. கழுத்துவரை போர்த்தியபடி சாய்வு நாற்காலிகளில் ஐந்து பேர். ஒரு மணி நேரம் பேசவும் கூடாது, அசையவும் கூடாது. பேசினால் தொண்டைத் தசையும் சர்க்கரையைத் தின்றுவிடும். எதிரே இருந்தவர் கண் திறந்தே இருந்தது. இமைக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். கடைசியில் ஒரு தரம் இமைத்தார். எனக்கு உயிர் வந்தது.

பத்தரை மணி. ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் எச்சரித்தார்கள்: இன்று ராத்திரிவரை கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது. என் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே அறை. அதில் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் செல்வி, எட்டாம் மாதம். மனைவியின் தம்பி முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"சான்பாடால நம்ம பிளாட்டு பூட்டித்தான கெடக்கு அத்தான். வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கிட்டுப் போயி கட்டையச் சாயுங்க." உடனே பதறினான். "இல்ல... படுங்கன்னு சொன்னேன்."

"பயப்படாதல மாப்ள. படுக்கத்தான் போறேன்."

பதினொன்றரைக்குச் சான்பாடா போகும் ஹார்பர் லோக்கல் ரயில், டிக்கெட் பத்து ரூபாய். பக்கத்தில் ஒருவர் கைக்குழந்தையோடு உட்கார்ந்தார். எழுந்து எதிர் சீட்டுக்குப் போனேன். அங்கே வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி. கதவுக்கு ஓடினேன். "அரே அங்கிள், பைட்டோ நா!" என்று உட்காரச் சொல்லிக் கூட்டம் எனக்கு இடம் விட்டது. சிரித்தபடி கம்பியைத் தழுவி நின்றேன். மான்குர்த் தாண்டி வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியபோது, இத்தனை பேரில் என் உடம்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது.

பதினோராம் மாடி. காலி வீடு. ஹாலில் இருமினேன், சமையலறையில் யாரோ இருமினார்கள். எதிரொலிதான். போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, உள்ளங்கை மினுங்குகிறதா என்று சோதித்தேன். மினுங்கவில்லை. இருட்டில் என் கையே எனக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

செல்வி வீடியோவில் வந்தாள். "ஏப்பா, சாப்டியளா? உள்ள இருக்கவன் உதைக்கான், பாருங்க." போனை வயிற்றுப் பக்கம் திருப்பினாள். "இவ்வளவு தூரம் போதுமாப்பா?"

"போதும் தாயி. பதினெட்டுக் கிலோமீட்டர். நடுவுல உப்புத்தண்ணி வேற."

அவள் சிரிக்கவில்லை. "மாத்திரை கேட்டிருக்கும்லப்பா?"

சிக்னல் இல்லாதவன்போல அசையாமல் இருந்தேன். பிறகு உண்மையிலேயே சிக்னல் போய்விட்டது.

மறுநாள் மாலை டாக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தார். பழையதில் ஈரல், முதுகு, இடது நுரையீரல் எல்லாம் தீபாவளி. புதியதில் ஈரல் இருண்டு கிடந்தது. முதுகில் ஒரே ஒரு பொட்டு. நுரையீரலில் ஒரு நெல்லிக்காய்.

"மாத்திரை கேட்கிறது," என்றார் ஹிந்தியில். "நோய் போகவில்லை. என்றாவது மாத்திரையை ஏமாற்றப் பார்க்கும்; அப்போது வேறு மருந்து. மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். அதற்குள் பேரக்குழந்தை வந்துவிடும் இல்லையா? அன்றைக்கு மட்டும் தூக்காதீர்கள்."

வாசலில் நின்று முருகேசனுக்குப் போன் போட்டேன். எனக்கே சிரிப்பாக வந்தது.

"மாப்ள, அந்தப் பிளாட்ட யாருக்கும் விட்டுராத. மூணு மாசம் கழிச்சி ஒரு பகலுக்கு ஆள் இருக்கு."

"ஆளு யாரு அத்தான்?"

"நாந்தாம்ல."