நாலு சிவப்பு வட்டம்

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பீஸில் பிசிறோ விரிசலோ இருந்தால் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட வேண்டும். பதினோரு வருசமாகப் போடுகிறேன். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கம்பெனியில் ஒரே நடிகருக்கு ரசிகர்களாக இருப்பவர்கள் சேர்ந்து வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறோம். யாராவது கவிதை எழுதுவார்கள், படம் வரைவார்கள். மற்றவர்கள் கைதட்டும் பொம்மை போடுவார்கள். நான் அதுவும் போட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிசிறு எடுக்கும் செக்‌ஷனில் இருக்கும் பெண் நடிகரைப் பென்சிலில் வரைந்து போட்டாள். அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் வரைவாள் என்பதே அன்றுதான் தெரியும். நன்றாக இருந்தது. ஒரு காது மட்டும் இறங்கியிருந்தது. அப்புறம் கண். பார்க்கப் பார்க்க இன்னும் தெரிந்தது. போனிலேயே அந்தப் படத்தின் மேல் சிவப்பில் நாலு வட்டம் போட்டேன். காது, கண், கழுத்து, கட்டைவிரல். சேவ் செய்து குரூப்பில் அனுப்பினேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

அட்மின் எழுதினான்: “என்னா குரு, இங்கயுமா இன்ஸ்பெக்‌ஷன்? ரிஜெக்ட் டப்பா எங்க வெச்சிருக்க?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் தன் படத்தை அழித்துவிட்டு குரூப்பை விட்டு வெளியேறினாள்.



மறுநாள் கேன்டீனில் அவள் எதிரே தட்டை வைத்தேன்.

“தப்பா நெனைக்காதம்மா. நீ சரி பண்ணிக்குவேன்னுதான் போட்டேன்.”

“நான் கேட்டனாண்ணா?”

“கேக்கல.”

“எட்டு மணி நேரம் எம் பீஸ்ல வட்டம் போடறீங்க. ஒண்ணும் சொல்றதில்ல. அது கம்பெனியோடது. இது என்னுது.”

“வேற ஒண்ணு வரஞ்சு போடும்மா.”

“எதுல வரைய? நோட்டு கிழிச்சுட்டேன்.”

“அந்தப் படத்தயா?”

“நோட்டையே. ரெண்டு வருசமா வரஞ்சது.”

அவள் தட்டோடு எழுந்தாள்.

“உங்க போன்ல இருக்கறதயும் அழிச்சிருங்கண்ணா.”

குரூப்பில் போட்டதை உடனே எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, வட்டம் இல்லாத படத்தைப் போனில் தேடினேன். இல்லை. அதன் மேலேயே சேவ் செய்திருக்கிறேன். வட்டத்தை மட்டும் அழிக்கப் பார்த்தேன். காதும் சேர்ந்து போகிறது.

எனக்குத் தெரிந்து அவள் வரைந்ததில் மிச்சம் இது ஒன்றுதான். இன்னும் அழிக்கவில்லை.