மதினிக்குக் கொடுத்த மாத்திரை

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் முப்பிடாதிக்குப் பெட்டி அடைக்கிற வேலை. அடைத்த பெட்டிக்குத்தான் கூலி. கக்கூசுக்கு எழுந்து போனால் கை நின்றுவிடும் என்று அங்கே உட்காரும் பெண்கள் பகலில் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், தொண்டை காயும், ஒரு மடக்கு இறங்காது. வீம்பு என்று நினைத்துவிடாதீர்கள், பிழைப்பு. நீர்க்கடுப்பு மட்டும் ஒருத்தியையும் விட்டுவைக்கவில்லை.

ஆராய்ச்சி டாக்டர்கள் ஊருக்கு வந்தது அதற்காகத்தான். கடுப்பு திரும்பத் திரும்ப வருகிற பெண்களைச் சேர்த்து, தினமும் ஒரு மாத்திரை கொடுத்து, மாதாமாதம் டப்பாவில் மூத்திரம் வாங்கிச் சோதித்தார்கள். டப்பாவை முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்க அந்தப் பெண்கள் பட்ட வெட்கம் சொல்லி மாளாது. டாக்டர்கள் சார்பில் மாத்திரை கொடுக்க வீடு வீடாக வந்தவள் கடைத்தெருக்காரி ஷாஹினா. முதல் நாளே தெளிவாகச் சொன்னாள்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைக்கா. யாருக்கு எதுன்னு எங்களுக்கே கடைசியிலதான் தெரியும். தண்ணி எல்லாரும் நல்லாக் குடிக்கணும். மாத்திரைய வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

முப்பிடாதி தலையை ஆட்டினாள். மாத்திரையை விழுங்கினாள், கூலி குறைந்தால் குறையட்டும் என்று தண்ணீரும் குடித்தாள். கடுப்பு போன இடம் தெரியவில்லை. தனக்குக் கிடைத்தது அசல் மருந்துதான் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பக்கத்தில் பெட்டி அடைக்கும் அண்ணன் பெண்டாட்டி சுடலையம்மாள் குளிர்காய்ச்சலில் விழுந்தாள். முதுகில் ஒரு பக்கம் குத்தியெடுத்தது. அந்த ஆபீசில் பூவானாலும் ஊறுகாயானாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுக்காமல் எவளும் தொடமாட்டாள். தலைவலி மாத்திரையைக்கூடப் பல்லால் கடித்துப் பங்கு வைப்பார்கள். முப்பிடாதி தன் ஆராய்ச்சி மாத்திரை அட்டையையே பாதியாகக் கத்தரித்துக் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா மதினி?" என்றும் மறுநாள் கேட்டாள்.

"எதுக்குட்டி? உன் மாத்திரை போட்டதும் கொறைஞ்ச மாதிரி இருக்கு."

குறையவில்லை. நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீழ் வைத்துப்போன சிறுநீரகம் ஒன்றை எடுத்தாகிவிட்டது. பிழைத்து வந்த சுடலையம்மாள், தன் உயிரைக் காத்தது நாத்தனார் தந்த மாத்திரைதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் ஷாஹினா வந்தாள். "உங்களுக்கு வந்தது மாவுதான்க்கா. தண்ணி குடிச்சதுலதான் சரியாயிருக்கு."

பாவி, அன்றைக்கே ஓர் ஆட்டோ பிடித்திருக்கக் கூடாதா என்று முப்பிடாதி தன்னையே வைதாள். மதினியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவள் புகழப் புகழத் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன வாரம் சுடலையம்மாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"ஏட்டி, இந்தப் பக்கமும் குத்துது. அந்த மாத்திரை ஒண்ணு இருந்தாத் தாயேன்."

இனியும் மறைத்தால் இருக்கிற ஒன்றும் போய்விடும்.

"அது வெறும் மாவு மதினி. கெளம்புங்க, ஆட்டோவுக்குச் சொல்லுதேன்."

சுடலையம்மாள் நம்பவில்லை. "அன்னைக்கு வலி கொறைஞ்சுச்சேட்டி?"

"கொறைஞ்ச மாதிரி இருந்துச்சுல்லா மதினி, அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போவாமக் கெடந்தோம்" என்று அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தாள் முப்பிடாதி.